இரு குழல் மயக்கம்

இரண்டு கருவிகளை ஒன்றாக உருக்கி ஒருவன் கையில் கொடுத்துவிட்டால் அவன் இருமடங்கு வலிமை பெற்றுவிடுவான் என்னும் நம்பிக்கை மனிதனிடம் நெடுங்காலமாகவே குடிகொண்டிருக்கிறது. இங்கிலாந்தின் அரச படைக்கலச் சேகரிப்பில் மன்னர் எட்டாம் ஹென்றியின் காலத்துக் கேடயங்கள் சில இன்றும் காணக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துப்பாக்கிக் குழல். அதற்கு மேலே குறிபார்ப்பதற்கென ஒரு சிறு கம்பிச் சாளரம். கேடயமாக ஏந்தினால் கை சோரும் பாரம். துப்பாக்கியாக ஏந்தினால் முறையாகத் தோளில் வைத்துச் சுடவியலாத வடிவம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் லெமாட் என்னும் கைத்துப்பாக்கி ஒன்று இருந்தது. ஒன்பது தோட்டாக்கள் சுற்றிலும் சுழல, நடுவே சிதறுகுண்டு சுடும் தனிக்குழல் ஒன்றும் அதில் அமைந்திருந்தது. இவையெல்லாம் அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பேழைக்குள் சென்று அடங்கிவிட்டன. ஆயின், இவற்றைப் பெற்றெடுத்த மயக்கம் அடங்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அது பன்மடங்கு பெருகி, அறிவியலின் பட்டாடை உடுத்தி, பேரரசுகளின் கருவூலத்தைத் திறக்கச் செய்தது.

காலாட்படை வீரனின் துப்பாக்கியையும் எறிகுண்டு செலுத்தியையும் பிரிக்கவியலாத ஒரே கருவியாக்கும் முயற்சியே இங்குக் கருதப்படுவது. அமெரிக்கா இதனை இருமுறை முயன்று இருமுறையும் தோற்றது. தென்கொரியா ஒருமுறை முயன்று, படைக்கு வழங்கியும் பார்த்துத் தோற்றது. பிரான்சும் ஆஸ்திரேலியாவும் மாதிரிகளோடு நின்றன. இத்தனைக்குப் பின்னரும், "கருத்து சரியானது, காலம் கனியவில்லை, மின்னணுவியல் இன்னும் சற்று வளர்ந்தால் போதும்" என்று கூறுவோர் குறைந்தபாடில்லை. அவர்கள் கூற்று ஏற்கத்தக்கதன்று. கருத்தே பிழையானது. அப்பிழையின் விலையைக் கொடுத்தவர்கள் அதனைக் கருதியவர்கள் அல்லர் என்பதே இதில் வேதனைக்குரியது.

இதன் தொடக்கத்தைச் சற்று விரிவாகக் காண்டல் வேண்டும். ஏனெனில், தொடக்கத்தில் இருந்தது நல்லறிவே. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்கத் தரைப்படைக்காக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் நடத்திய செயலாய்வு அலுவலகம் 1948ஆம் ஆண்டில் தோன்றியது. அங்குப் பணியாற்றிய நார்மன் ஹிட்ச்மன் 1952ஆம் ஆண்டில் காலாட்படையின் கைக்கருவி பற்றி ஓர் அறிக்கை அளித்தார். போர்க்களத்தில் துப்பாக்கிச் சூடு பெரும்பாலும் 300 கெசத்துக்குள்ளேயே நிகழ்கிறது. 100 கெசத்தைத் தாண்டியதும் குறி தவறுதல் விரைந்து பெருகுகிறது. பயிற்சிக் களத்தில் காட்டும் திறமையை அச்சமும் களைப்பும் சூழ்ந்த களத்தில் எவனும் காட்டவியலாது. இவை அந்த அறிக்கை கண்ட உண்மைகள். வீரன் வீரனே, இயந்திரம் அல்லன் என்பதை எண்களால் மெய்ப்பித்த அறிக்கை அது. அதுவரை படைத்தலைவர்கள் போற்றி வந்த 'ஒரு குண்டு, ஓர் எதிரி' என்ற கற்பனையை அது உடைத்தெறிந்தது. பாராட்டத்தக்க பணி.

குறி தவறுவது இயல்பெனில், ஒரே விசைக்குப் பல சிறு குண்டுகள் சற்றே பரவிச் செல்லட்டும் என்று அடுத்து ஆராய்ந்தனர். 'சால்வோ' என்பது அத்திட்டத்தின் பெயர். மற்றொருபுறம், கையால் எறியும் குண்டு எட்டும் முப்பது நாற்பது மீட்டருக்கும், சிறு பீரங்கி தாக்கத் தொடங்கும் தொலைவுக்கும் இடையே கிடந்த வெற்றிடத்தை நிரப்ப 40 மில்லிமீட்டர் எறிகுண்டு ஒன்றை உருவாக்கினர். அதனைச் சுடும் எம்-79 என்னும் கருவி 1961ஆம் ஆண்டில் படைக்கு வந்தது. வேட்டைத் துப்பாக்கியைப் போலக் குழலை மடித்து ஒரு குண்டை இட்டுச் சுடுவது. எடை 3 கிலோவுக்கும் குறைவு. எட்டும் தொலைவு ஏறத்தாழ 350 மீட்டர். எளிமையான கருவி. வியட்நாமில் அதனைச் சுமந்தவர்கள் அதனை மிகவும் விரும்பினர்.

அதில் ஒரு குறை இருந்தது. எம்-79 ஏந்தியவனிடம் துப்பாக்கி இல்லை. எதிரி பத்தடி தொலைவில் திடீரென எழுந்து நின்றால், அவன் இடுப்பிலுள்ள கைத்துப்பாக்கியைத்தான் நம்ப வேண்டும். உண்மையான குறை, தீர்க்க வேண்டிய குறை. இக்குறையை ஒரு கணம் நினைவில் நிறுத்துவது நன்று. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இதே குறை வேறொரு வாயில் வழியாக மீண்டும் உள்ளே வரவிருக்கிறது.

குறையைத் தீர்க்க முனைந்தவர்கள் செய்ததென்ன? கையிலிருந்த துப்பாக்கியோடு இருக்கின்ற செலுத்தியைப் பொருத்திப் பார்த்திருக்கலாம். அதற்கு மாறாக, அதுவரை உலகில் இல்லாத துப்பாக்கி ஒன்றையும், அதுவரை உலகில் இல்லாத செலுத்தி ஒன்றையும் ஒரே காலத்தில் உருவாக்கி, இரண்டையும் ஒரே உடலில் இணைக்கப் புறப்பட்டனர். 'ஸ்பிவ்' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அத்திட்டம் 1960களின் தொடக்கத்தில் உருப்பெற்றது. துப்பாக்கிப் பகுதி தோட்டாவுக்குப் பதிலாக ஆணி போன்ற மெல்லிய எஃகு அம்புகளை வினாடிக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் வேகத்தில் செலுத்த வேண்டும். செலுத்திப் பகுதி மூன்று எறிகுண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுட வேண்டும். அறுபது அம்புத் தோட்டாக்களும் மூன்று எறிகுண்டுகளும் நிறைத்த நிலையில் முழு எடையும் 10 பவுண்டைத் தாண்டலாகாது. அதாவது நாலரைக் கிலோ.

பத்துப் பவுண்டு என்ற எண் எங்கிருந்து வந்தது? வீரன் சுமக்கக் கூடியது அவ்வளவே என்ற அறிவிலிருந்து வந்தது. மூன்று எறிகுண்டு என்ற எண் எங்கிருந்து வந்தது? அலுவலக மேசையில் எழுந்த ஆசையிலிருந்து வந்தது. அறிவும் ஆசையும் ஒரே தாளில் அடுத்தடுத்த வரிகளாக எழுதப்பட்டன. அவை ஒன்றையொன்று மறுக்கின்றன என்பதைத் தாளை எழுதியவர் காணவில்லை. 1964ஆம் ஆண்டில் நான்கு தரப்பினர் தங்கள் மாதிரிகளைச் சோதனைக்குக் கொணர்ந்தனர். அவற்றுள் ஒன்று நிறைத்த நிலையில் ஏறத்தாழ 24 பவுண்டு, அதாவது 11 கிலோ எடையிருந்தது. மற்றவையும் கேட்ட எடைக்குள் அடங்கவில்லை. குழல் சூடேறினால் விசையைத் தொடாமலே தோட்டா வெடித்தது. ஓசையும் தீப்பிழம்பும் மிகுதி. அம்புத் தோட்டா ஒவ்வொன்றையும் செய்யும் செலவோ கட்டுக்கடங்கவில்லை. இரண்டாம் சுற்றுச் சோதனைகளும் நிலைமையை மாற்றவில்லை. பின்னர் எறிகுண்டுப் பகுதி உதிர்ந்தது. அம்புத் துப்பாக்கி மட்டும் சில ஆண்டுகள் தடுமாறி, 1970களின் முற்பகுதியில் அதுவும் ஓய்ந்தது.

தோற்ற சோதனை ஒன்றால் பணம்தானே வீண் என்று கூறித் தப்பிவிட இயலாது. இங்குத்தான் இக்கதையின் இருண்ட பகுதி வருகிறது.

ஸ்பிவ் இன்னும் சில ஆண்டுகளில் வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான், அன்றைய அமெரிக்கத் தற்காப்பு அமைச்சர் ராபர்ட் மெக்னமாரா 1963ஆம் ஆண்டில் எம்-14 துப்பாக்கியின் உற்பத்தியை நிறுத்தும் முடிவுக்கு வந்தார். இடைக்காலத்திற்கென, ஒரே ஒரு தடவைக் கொள்முதலாக, எம்-16 துப்பாக்கிகள் வாங்கப்பட்டன: தரைப்படைக்கு 85,000, வான்படைக்கு 19,000. 'ஒரே ஒரு தடவை' என்ற அச்சொற்களை உற்று நோக்க வேண்டும். உயர்ந்த விருந்தாளி வரும் வரை திண்ணையில் தங்கிக் கொள்ளும் வழிப்போக்கனாகவே எம்-16 கருதப்பட்டது. வழிப்போக்கனுக்கு யார் அறை ஒழுங்கு செய்வார்? தோட்டாவின் வெடிமருந்து வகை மாற்றப்பட்டது. மாற்றத்தால் கருவியின் ஓட்டம் மிகுந்து, கரியும் மிகுதியாகப் படிந்தது. குழலின் பின்னறைக்குக் குரோமியப் பூச்சு இடப்படவில்லை. வியட்நாமின் ஈரத்தில் அது துருவேறியது. துடைக்கும் கருவிகள் போதிய அளவு அனுப்பப்படவில்லை. இத்துப்பாக்கிக்குத் துடைப்பே பெரிதாகத் தேவையில்லை என்ற எண்ணமும் வீரர்களிடையே பரவியிருந்தது.

1966, 1967ஆம் ஆண்டுகளில் அதன் விளைவு தெரிந்தது. சுட்ட தோட்டாவின் உறை பின்னறையிலேயே சிக்கிக்கொள்ளும். அதனை வெளியேற்றத் துடைகோலைக் குழலின் முனை வழியே விட்டுத் தட்ட வேண்டும். எதிரி முன்னேறி வரும் வேளையில் இவ்வாறு தட்டிக்கொண்டிருந்த நிலையிலேயே இளைஞர்கள் மாண்டு கிடந்தனர் என்னும் செய்தி களத்திலிருந்து வந்த கடிதங்கள் வழியே பெற்றோர்க்கும் நாடாளுமன்றத்திற்கும் எட்டியது. ரிச்சர்டு இக்கார்டு தலைமையில் கீழவையின் துணைக்குழு ஒன்று 1967ஆம் ஆண்டில் விசாரித்து, படைத்துறை நிருவாகத்தைக் கடுமையாகக் குறைகூறியது. அதன் பின்னரே பின்னறைக்குக் குரோமியம் பூசப்பட்டது. துடைக்கும் கருவிகள் அனுப்பப்பட்டன. பிழைகள் அனைத்திற்கும் ஸ்பிவ் ஒன்றே காரணம் என்று கூறுதல் மிகையாகும். வெடிமருந்தை மாற்றியவர்களும் செலவைச் சுருக்கியவர்களும் தனித்தனியே பொறுப்பாளிகள். ஆயினும், வரப்போகும் அற்புதத்தின் மீது கண் வைத்தவர்களுக்கு, கையிலிருக்கும் கருவியின் மீது கருத்துச் செல்லவில்லை என்பதை யார் மறுக்கவியலும்?

அற்புதம் வரவில்லை. எளிய தீர்வு வந்தது. எம்-16 துப்பாக்கியின் குழலுக்கு அடியில் பொருத்தக்கூடிய எம்-203 என்னும் செலுத்தி 1969ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது. ஒரு குழல், ஒரு விசை, முன்னால் தள்ளினால் திறக்கும் ஒரு வாய். எடை ஏறத்தாழ 1.4 கிலோ. ஸ்பிவ் மாதிரிகளோடு ஆண்டுக்கணக்கில் போராடிய ஏஏஐ என்னும் நிறுவனமே இதனையும் வடிவமைத்தது. அதே அறிவு, அதே கைகள். கேள்வி மட்டும் வேறு. சரியான கேள்வி கேட்கப்பட்டபோது விடை ஈராண்டுக்குள் கிடைத்துவிட்டது.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பார் ஒரு தடை எழுப்புவர். "எம்-203 மட்டும் என்ன? அதுவும் துப்பாக்கியும் செலுத்தியும் சேர்ந்ததுதானே? சேர்க்கை பிழையெனில் அதுவும் பிழையன்றோ?" என்பது அத்தடை. வலுவுள்ள தடைதான். ஆயின், சேர்க்கை இருவகைப்படும் என்பதைத் தமிழிலக்கணம் பயின்றவர்க்கு விளக்கத் தேவையில்லை. உம்மைத்தொகையில் இரு சொற்களும் தத்தம் பொருளோடு நிற்கின்றன. 'உம்' மட்டுமே மறைந்திருக்கிறது. எம்-16உம் எம்-203உம் சேர்ந்த சேர்க்கை அத்தகையது. ஒன்றைக் கழற்றினாலும் மற்றது பழுதின்றி நிற்கும். ஒன்று பழுதானாலும் மற்றது சுடும். அன்மொழித்தொகையிலோ, நிற்பவை இரு சொற்கள்; பொருளோ அவற்றுக்குப் புறத்தே இருக்கும் வேறொன்றைச் சென்றடைகிறது. ஸ்பிவ்வும் அதன் வழித்தோன்றல்களும் அவ்வகை. அங்குத் துப்பாக்கியும் செலுத்தியும் நிற்கின்றன. பயனோ அவ்விரண்டிலும் இல்லாத மூன்றாம் இடத்திற்கு, ஒப்பந்தம் பெற்றவரின் கணக்கேட்டுக்குச் செல்கிறது.

மறதி மனிதர்க்கு மட்டுமன்று, அரசுகளுக்கும் இயல்பு. 1990களில் அமெரிக்கத் தரைப்படை அதே கனவை மீண்டும் கண்டது. இம்முறை அம்புகள் இல்லை. அவற்றின் இடத்தைக் கணினி பிடித்துக்கொண்டது. 1998ஆம் ஆண்டில் அலையன்ட் டெக்சிஸ்டம்ஸ் நிறுவனமும் ஜெர்மனியின் ஹெக்லர் அண்டு காக் நிறுவனமும் சேர்ந்த குழு தேர்வு பெற்றது. எக்ஸ்எம்-29 என்று பின்னர்ப் பெயர் பெற்ற அக்கருவியில் கீழே 5.56 மில்லிமீட்டர் துப்பாக்கி. மேலே 20 மில்லிமீட்டர் எறிகுண்டு சுடும் குழல். அதற்கும் மேலே பெரியதொரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் லேசர் ஒளி தொலைவை அளக்கும். கணினி கணக்கிடும். குண்டு குழலைவிட்டு வெளியேறியபின் தன் சுழற்சிகளைத் தானே எண்ணி, குறித்த தொலைவில் வானிலேயே வெடிக்கும். சுவருக்குப் பின்னே பதுங்கியிருப்பவன் தலைக்கு மேலே வெடிக்கும் என்பது கருத்து. ஆயிரம் மீட்டர் வரை எட்டும் என்றனர்.

கற்பனைக்கு இனிமையான கருவி என்பதில் ஐயமில்லை. ஆயின், பள்ளிக் கணக்கு ஒன்று அதனைக் கவிழ்க்கப் போதுமானது. ஒத்த வடிவுடைய இரண்டு குண்டுகளில் ஒன்றின் விட்டம் மற்றதில் பாதியெனில், அதன் கொள்ளளவு பாதியன்று. எட்டில் ஒரு பங்கு. 40 மில்லிமீட்டர் குண்டோடு ஒப்பிட 20 மில்லிமீட்டர் குண்டுக்குள் வெடிமருந்துக்கும் சிதறும் உலோகத்திற்கும் கிடைப்பது அவ்வளவே. அந்த எட்டில் ஒரு பங்கிலும் சுழற்சி எண்ணும் மின்னணு உறுப்புக்கும் மின்கலத்துக்கும் இடம் ஒதுக்கிவிட்டால் மிச்சம் எவ்வளவு? எடையைக் குறைக்கக் குண்டைச் சிறிதாக்கினர். குண்டு சிறிதானதால் வலிமை போயிற்று. போன வலிமையை ஈடுசெய்யத் துல்லியம் வேண்டி லேசரும் கணினியும் ஏற்றினர். ஏற்றியதால் எடை திரும்பி வந்தது. இலக்கு 14 பவுண்டு. செய்து முடித்ததோ 18 பவுண்டு, அதாவது 8 கிலோவுக்கும் மேல். எறிகுண்டு செலுத்தி பொருத்திய, தோட்டா நிறைத்த எம்-16 ஐந்தரைக் கிலோ அளவே இருக்கும். சிங்கப்பூரில் தேசிய சேவைக் காலத்தில் எம்-16 ஏந்தித் தெக்கோங் தீவின் மழைச் சேற்றில் நடந்தவர்களுக்கு, மிகுதியான அந்த இரண்டரைக் கிலோவின் பொருளை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

கண்காட்சிகளில் அக்கருவி ஒளிர்ந்தது. சஞ்சிகைகளின் அட்டையில் வந்தது. கருவியை ஏந்திய வீரன் விண்வெளி வீரனைப் போல நின்றான். அதிகமானின் தூதுவராகத் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலுக்குச் சென்ற ஔவையார் கண்டது என்ன என்பதைப் புறநானூறு கற்பிக்கும் ஆசிரியர்கள் அறிவர். மயிற்பீலி சூட்டி, நெய் பூசி, காவலோடு வைத்த படைக்கலங்கள் அங்கே. முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்த படைக்கலங்கள் அதிகமானிடம். எவை போர் கண்டவை என்பதை அம்மூதாட்டி புகழ்வது போலவே பழித்துக் காட்டினார். எக்ஸ்எம்-29 மயிற்பீலி சூடிய வகை. 2004ஆம் ஆண்டையொட்டி அது கிடப்பில் போடப்பட்டது.

கிடப்பில் போட்டவர்கள் அதனை இரண்டாகப் பிளந்தனர். துப்பாக்கிப் பாதி எக்ஸ்எம்-8 என்று தனியே நடந்து, 2005ஆம் ஆண்டில் மடிந்தது. எறிகுண்டுப் பாதி 25 மில்லிமீட்டராக வளர்ந்து, எக்ஸ்எம்-25 என்ற பெயரோடு 2010ஆம் ஆண்டின் இறுதியில் ஆப்கானிஸ்தான் சென்றது. நடுநிலை தவறாமல் கூறுவதானால், அங்கு அதற்குப் பாராட்டும் கிடைத்தது. மதிலுக்குப் பின்னிருந்து சுட்டவர்களை அது விரைவில் அடக்கியது என்று ஏந்தியவர்கள் சொன்னார்கள். ஆனால், அதன் எடையும் 14 பவுண்டு. அதனைச் சுமப்பவன் கையில் துப்பாக்கி இல்லை. துப்பாக்கியும் வேண்டுமெனில் இரண்டையும் சுமக்க வேண்டும். 1961ஆம் ஆண்டில் எம்-79 ஏந்தியவன் எந்த இடத்தில் நின்றானோ, அரை நூற்றாண்டு கழித்து அவன் பேரன் அதே இடத்தில், இருமடங்கு எடையோடு நின்றான். ஒரு கருவியின் விலை ஏறத்தாழ 35,000 டாலர் ஆகும் என்று மதிப்பிட்டனர். 2013ஆம் ஆண்டில் பயிற்சிச் சூட்டின்போது குண்டு ஒன்று கருவிக்குள்ளேயே கோளாறாகி வீரர் ஒருவர் சிறு காயமுற்றார்; கருவி களத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 2018ஆம் ஆண்டில் திட்டம் முடிவுக்கு வந்தது.

முடிவுக்கு முந்திய ஒரு நிகழ்ச்சியை விட்டுவிடலாகாது. ஒப்பந்தக்காரர் இருவரும் 2017ஆம் ஆண்டில் வழக்குமன்றம் ஏறினர். அவ்வழக்கில் வெளிப்பட்ட செய்தி வியப்புக்குரியது: ஜெர்மானிய நிறுவனம் கருவிகளை ஒப்படைக்கத் தயங்கியதற்கு, 1868ஆம் ஆண்டின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் அறிக்கையை இக்குண்டு மீறக்கூடும் என்ற அச்சம் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. 400 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள வெடிக்கும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தலாகாது என்று நாடுகள் உடன்பட்ட அறிக்கை அது. அதற்கு வித்திட்டது ரஷ்யா. வெடிமருந்து வண்டிகளைத் தகர்க்க 1863ஆம் ஆண்டில் ரஷ்யப் படைத்துறை கண்டுபிடித்த வெடிதோட்டா, சில ஆண்டுகளில் மனித உடலில் பட்டாலும் வெடிக்கும்படி திருத்தப்பட்டது. அதைக் கண்டு அஞ்சிய ரஷ்ய அரசே, தான் கண்டுபிடித்த கருவியைத் தானே தடை செய்யுமாறு பிற நாடுகளை அழைத்தது. எதிரியைச் செயலிழக்கச் செய்வதே போரின் நோக்கமாக இருக்கலாம். அதற்குமேல் வேதனையைக் கூட்டுதல் நோக்கமாகலாகாது என்பது அவ்வறிக்கையின் அடிப்படை. அமெரிக்கா அதில் ஒப்பமிடவில்லை. 40 மில்லிமீட்டர் எறிகுண்டும் 400 கிராமுக்குக் குறைந்ததே எனினும், நாடுகள் பல அதனை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகின்றன. ஆகவே சட்டத்தின் எல்லை எங்கே என்பது வாதத்திற்குரியது. ஆனால் ஒன்று கேட்கலாம். இக்கேள்வி ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் எழவில்லை; இருபதாண்டு உழைப்பு முறிந்து பங்காளிகள் பகைத்த நாளில் எழுந்தது. அதுவரை அந்த அறிக்கை எந்தப் பெட்டகத்தில் உறங்கியது?

தென்கொரியாவின் கதை இன்னும் கசப்பானது. அமெரிக்கா கைவிட்டதைத் தான் முடித்துக் காட்டுவதாக அந்நாடு பெருமை கொண்டது. 5.56 மில்லிமீட்டரும் 20 மில்லிமீட்டரும் இணைந்த கே-11 என்னும் கருவி, 6 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையோடு, 2010ஆம் ஆண்டில் படைக்கு வந்தது. ஒன்றின் விலை ஒன்றரைக் கோடி வொன்னுக்கும் மேல். 2011ஆம் ஆண்டில் எறிகுண்டு குழலுக்குள்ளேயே வெடித்து வீரர் ஒருவர் காயமுற்றார். குறை களையப்பட்டது என்றனர். 2014ஆம் ஆண்டில் சோதனையின்போது மீண்டும் வெடித்தது, மூவர் காயமுற்றனர். வீட்டிலுள்ள சாதாரணக் காந்தம் ஒன்றை அருகே கொண்டுசென்றாலே கருவியின் சுடும் அமைப்பு இயங்கிவிடக்கூடும் என்று அவ்வாண்டில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் எடுத்துக்காட்டினார். பின்னர்க் குறிபார்க்கும் பெட்டியில் விரிசல்கள் தோன்றின. 900க்குச் சற்று மேற்பட்ட கருவிகள் வழங்கப்பட்ட நிலையில், 2019ஆம் ஆண்டு திசம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. கட்டாயப் படைச்சேவை உள்ள நாடு அது. படையில் இருப்பவன் அங்கு ஒவ்வொரு வீட்டின் மகன்.

பிரான்சின் முயற்சி 35 மில்லிமீட்டர் குண்டோடு மாதிரியளவில் நின்றது. ஆஸ்திரேலியாவில், குழலுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் குண்டுகளை அடுக்கிச் சுடும் முறையைக் கொணர்ந்த மெட்டல் ஸ்டார்ம் நிறுவனம் 2012ஆம் ஆண்டில் நொடித்தது. சீனா இத்தகைய கருவி ஒன்றைச் சிறப்புப் படையினர் சிலரிடம் கொடுத்துள்ளது. போர்க்களம் அதனை இன்னும் சோதிக்கவில்லை.

"இவையெல்லாம் குழந்தைப் பருவத்து நோய்கள்" என்பார் மீண்டும் வருவர். விமானமும் முதலில் விழுந்ததன்றோ என்பர். விமானம் விழுந்தது பறக்க அறியாமையால். இக்கருவி விழுவதோ அத்தகைய அறியாமையால் அன்று. சுமப்பவனுக்கு இரண்டே கைகளும் ஒரே முதுகும் இருப்பதால். மின்னணுவியல் எவ்வளவு வளர்ந்தாலும் கைகள் மூன்றாகப் போவதில்லை. துப்பாக்கி வேண்டும் வேளையில் செலுத்தியின் எடை வீண். செலுத்தி வேண்டும் வேளையில் துப்பாக்கியின் எடை வீண். பத்துப் பேர் கொண்ட குழுவில் இருவர் எறிகுண்டும் எண்மர் துப்பாக்கியும் ஏந்தினால் குழு முழுவதும் இரு திறனும் பெற்றுவிடும். போர்க்குழு என்பது அதற்காகவே அமைந்தது. பதின்மரும் எல்லாம் செய்ய வேண்டும் என்று கேட்பது, ஒவ்வொருவனையும் தனியனாக எண்ணும் எண்ணம். ஹிட்ச்மன் 1952ஆம் ஆண்டில் உடைத்த அதே கற்பனை, மின்விளக்கு பொருத்திக்கொண்டு வந்து நிற்கிறது.

பதுங்கியிருப்பவன் தலைக்கு மேலே குண்டு வெடிக்க வேண்டும் என்ற தேவையும் கணினியின்றித் தீராததன்று. சோவியத் படை 1970களின் பிற்பகுதியில் ஏற்ற ஜிபி-25 என்னும் செலுத்தி கலாஷ்னிக்கோவ் துப்பாக்கியின் அடியில் பொருந்தும். எடை ஒன்றரைக் கிலோ. அதற்கான குண்டுகளுள் ஒருவகை, நிலத்தில் பட்டதும் சிறு மருந்தொன்று உந்த, இடுப்பளவு உயரம் எம்பி வெடிக்கிறது. லேசர் இல்லை, மின்கலம் இல்லை, கண்ணாடிப் பெட்டி இல்லை. அதன் துல்லியம் கணினிக்கு நிகராகாது என்பது உண்மை. சேற்றில் விழுந்தால் சரிவர எம்பாது என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆயினும், அது எம்பாத நாளிலும் வீரனின் துப்பாக்கி துப்பாக்கியாகவே இருக்கும்.

இத்திட்டங்கள் அனைத்திலும் கேட்கப்படாத குரல் ஒன்று உண்டு. படைத்தலைவர் கேட்கப்பட்டார், அறிவியலார் கேட்கப்பட்டார், நிறுவனத்தார் கேளாமலே பேசினர். கருவியைச் சுமந்து மலையேறப் போகிறவனிடம், மாதிரி செய்து முடித்தபின் கருத்துக் கேட்டனர். 2013ஆம் ஆண்டில் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கச் சிறப்புப் படைப்பிரிவு ஒன்று, எடை மிகுதி, குண்டுகள் குறைவு என்று கூறி எக்ஸ்எம்-25 கருவியைத் தாக்குதலுக்கு எடுத்துச் செல்ல மறுத்ததாகச் செய்தி வந்தது. ஸ்பிவ் தொடங்கிய நாளிலிருந்து கணக்கிட்டால், அவன் கருத்து அரசின் செவியில் விழ ஐம்பது ஆண்டுகள் ஆயின.

அமெரிக்கத் தரைப்படை 2009ஆம் ஆண்டு முதல் எம்-203 கருவிக்குப் பதிலாக எம்-320 என்னும் செலுத்தியை வழங்கத் தொடங்கியது. அதுவும் 40 மில்லிமீட்டர். ஒரு வேளைக்கு ஒரு குண்டு. துப்பாக்கியின் அடியில் பொருத்தலாம். வேண்டாதபோது கழற்றித் தனியே கைப்பிடி வைத்தும் சுடலாம்.